தர்சியின்ர கணக்குக் கொப்பி

குழு: கொக்குவில் வீட்டார் (கொழும்பு - கனடா)

சனிக்கிழமை

சின்ன மாமா, காலை 6.41
(பலமுறை அனுப்பப்பட்டது)
உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் 500 படிப்புகள் முற்றிலும் இலவசம்!!! வீட்டில் இருந்தபடியே சான்றிதழ்! இன்றே கடைசி நாள்! 10 பேருக்கு அனுப்புங்கள்!

சின்ன மாமா, 6.42
பிள்ளையள் பாருங்கோ. பிரயோசனமான விசயம்

பெரியம்மா, 6.50
தம்பி அங்க இப்ப இரவெல்லோ. இன்னும் படுக்கேல்லையோ

கண்ணன், 7.15
மாமா அந்த லிங்கை அமத்தினா போன் நம்பரும் பாங்க் பேரும் கேக்குது. ஒருத்தரும் அமத்தாதேங்கோ

தர்சி, 7.31
மாமா, கடைசி நாள் எண்டு ஒண்டும் இல்லை. அமெரிக்காவின்ர எம்ஐடி யூனிவர்சிட்டி தங்கட பாடங்களை இணையத்தில சும்மா போடப்போறம் எண்டு 2001இலேயே அறிவிச்சது. ஓப்பின்கோர்ஸ்வேர் எண்டு தேடினா வரும். இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு. நம்பரும் கேக்காது, பேரும் கேக்காது.

சின்ன மாமா, 7.33
அப்ப உனக்கு முதலே தெரியுமோ

கண்ணன், 7.34
அக்கா அதிலதானே படிக்கிறா

பெரியம்மா, 7.40
ஓம் நானும் கேள்விப்பட்டனான். பெடியனைப் பள்ளிக்கூடத்தால மறிச்சு வீட்டில வச்சுக்கொண்டு தாய் படிக்கிறாவாம். ஊரில கேட்டாச் சிரிப்பினம் பிள்ளை

தர்சி, 7.42
சிரிக்கட்டும் பெரியம்மா

பெரியம்மா, 7.43
கன்னங்கரா 1945இல இலவசக் கல்வி கொண்டு வந்தபடியால்தான் நாங்கள் நாலெழுத்துப் படிச்சனாங்கள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படிச்சனாங்கள், கட்டிலில சாஞ்சுகொண்டு போனைப் பாத்தில்லை

சின்ன மாமா, 7.46
மறிக்கச் சட்டத்தில இடமிருக்கோ? இஞ்ச கனடாவில எண்டா வீட்டில வச்சுப் படிப்பிக்கலாம்

மதி, 7.52
5 வயசிலயிருந்து 16 வரைக்கும் கட்டாயக் கல்வி மாமா. முந்தி 14, 2016இல கூட்டினவை

தர்சி, 7.55
அது எங்களுக்குத் தெரியும் மச்சாள். லோயரோட கதைச்சுத்தான் செய்தது. ஏன் மறிச்சனாங்கள் எண்டதை நான் குரூப்பில எழுதேல்ல. ஆருக்கும் அறிய வேணுமெண்டா போன் எடுங்கோ. சோதினை எண்டு வரேக்க பிரிட்டிஷ் கவுன்சிலில தனிப்பட்ட பரீட்சார்த்தியா லண்டன் சோதினை எடுக்கலாம். கணக்கு, சயன்ஸ், சமயம் எல்லாத்துக்கும் அரசாங்கப் புத்தகம்தான் வச்சிருக்கிறம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்தில முழுப் புத்தகமும் தமிழில இருக்கு, இறக்கலாம். விளங்காட்டி இ-தக்சலாவ, கல்வி அமைச்சின்ர இணையப் பாடத் தளம்.

மதி, 7.57
அது பிள்ளைக்கு. உமக்கு என்னத்துக்கு எம்ஐடி?

தர்சி, 8.10
நான் ஏஎல்லில கொமர்ஸ் மச்சாள். ஓஎல்லோட கணக்கை விட்டனான். இவன் ஒருநாள் சயவையும் (மைனஸ்) சயவையும் பெருக்கினா ஏன் சக (பிளஸ்) வருது எண்டு கேட்டான். அது அப்பிடித்தான் எண்டு சொல்ல வாய் வந்திட்டுது. எங்களுக்கும் அப்பிடித்தானே சொன்னவை. அண்டைக்கு இரவு கான் அகடமி எண்ட இலவசப் படிப்புத் தளத்தில போய் ஆறாம் ஏழாம் வகுப்புக் கணக்கில தொடங்கினனான்.

தர்சி, 8.12
அதைத் தொடங்கின சல்மான் கானும் 2004இல தன்ர மச்சாள் முறையான பிள்ளைக்கு டியூசன் குடுக்கத்தான் தொடங்கினவர். அவர் பொஸ்டனில, பிள்ளை நியூ ஓர்லீன்ஸில. அலகு மாத்திற கணக்கு அந்தப் பிள்ளைக்கு விளங்கேல்லையாம். போனிலதான் சொல்லிக் குடுத்தவர். பிறகு மற்றச் சொந்தக்காரப் பிள்ளையளும் கேக்க, வீடியோ எடுத்து யூடியூபில போட்டவர்.

சின்ன மாமா, 8.13
பாத்தீங்களோ. சொந்தக்காரருக்குச் செய்தது ஊருக்கு உதவுது

கண்ணன், 8.14
எங்கட குரூப்பில குட் மோர்னிங் படம் மட்டும்தான் வருது

பெரியம்மா, 8.15
அது நான் அன்பில போடுறது

கண்ணன், 8.16
பகிடிக்குச் சொன்னனான் பெரியம்மா

கண்ணன், 8.20
அக்கா உண்மையாக் கேக்கிறன். ஹோட்டல் ரிசெப்சனில நைட் டியூட்டி, விடிய 2 மணிக்குப் பிறகு ஆக்கள் வாறது குறைவு. எனக்குக் கொம்பியூட்டர் பக்கம் போக விருப்பம். என்ன தொடங்க? சேட்டிபிக்கட்டும் வேணும்

தர்சி, 8.34
ஹார்வர்டின்ர சீஎஸ்50, கொம்பியூட்டர் அறிமுகப் பாடம். டேவிட் மலன் எண்டவர் படிப்பிக்கிறார். முதல் கிழமை ஸ்கிராச், சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டு மாதிரி இருக்கும். அதைப் பாத்து லேசு எண்டு நினையாத. அடுத்த கிழமையே சீ மொழி. மாரியோ விளையாட்டில வாற படிக்கட்டை ஹேஷ் (#) அடையாளத்தால திரையில கட்டச் சொல்லுவினம். உயரம் 8 எண்டா 8 வரி, மேல் வரியில ஒண்டு, கீழ் வரியில எட்டு, எல்லாம் வலப்பக்கம் ஒட்டி நிக்கோணும். இடப்பக்கத்து வெற்றிடத்தையும் நீதான் எண்ணிப் போடோணும். அதில இருந்து மண்டை காஞ்சு எழும்பேக்கதான் கொம்பியூட்டர் எண்டா என்னெண்டு விளங்கத் தொடங்கும்.

கண்ணன், 8.36
போனில செய்யலாமோ

தர்சி, 8.39
விரிவுரையைப் போனில பார். வேலையை லப்டொப்பிலதான் செய்யோணும். பழசெண்டாலும் காணும், எல்லாம் பிரவுசருக்குள்ளேயே ஓடும். எழுதி முடிச்சு அனுப்பினா அதுவே திருத்தி எது பிழை எண்டு சிவப்பில காட்டும்.

கண்ணன், 8.40
அப்ப சட்ஜிபிடியிட்டக் கேட்டு எழுதி அனுப்பினா?

தர்சி, 8.43
அவையின்ர விதியிலேயே கூடாது. தாங்களே ஒரு வாத்து வச்சிருக்கினம்

பெரியம்மா, 8.44
வாத்தோ

தர்சி, 8.47
ஓம் பெரியம்மா, கொம்பியூட்டர் வாத்து. சந்தேகம் கேட்டா வழி காட்டும், விடையைத் தூக்கித் தராது. எங்கட டியூட்டரி மாஸ்டர்மார் மாதிரி இல்லை.

மதி, 8.48
ஹலோ. இஞ்ச ஒரு கணக்கு ரீச்சர் இருக்கிறன்

தர்சி, 8.49
டியூட்டரி எண்டுதான் சொன்னனான் மச்சாள்

தர்சி, 8.58
கண்ணன், சேட்டிபிக்கட் விசயம். இதில ஏமாறாத. எல்லா வேலையையும், கடைசிப் புறொஜெக்டையும் குடுத்து, ஒவ்வொண்டிலயும் 70 வீதம் எடுத்தா சீஎஸ்50 தன்ர சேட்டிபிக்கட்டைச் சும்மா தரும். அதே கோர்ஸை இடெக்ஸ் எண்ட இணையப் படிப்புத் தளம் ஊடாச் செய்தா அவையின்ர முத்திரை போட்டதுக்குக் காசு. டிசம்பர் 31க்குள்ள முடிக்கோணும், முடியாட்டி செய்தது அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோகலாம். கோர்செரா எண்ட மற்றத் தளத்தில முந்தி நிறையப் பாடம் சும்மா பாக்கலாம். இப்ப கன இடத்தில முதல் பகுதியோட கதவைச் சாத்துறாங்கள். உதவித்தொகைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கலாம். அதை விட மொரட்டுவ யூனிவர்சிட்டியின்ர ஓப்பின் லேர்னிங்கில பைதன், வெப் டிசைன் எல்லாம் சும்மா இருக்கு, சேட்டிபிக்கட்டும் வரும். இஞ்சத்தை வேலைக்கு அந்தப் பேரைத் தெரியாத ஆள் இல்லை.

சின்ன மாமா, 9.02
இந்தியாவின்ர ஐஐடிக்காரரும் போடுகினமாம்

தர்சி, 9.05
என்பிடெல் மாமா. வீடியோ நல்லது, சிலதுக்குத் தமிழில எழுத்துப் பிரதியும் இருக்கு. ஆனா சோதினை எழுத இந்தியாவில இருக்கிற சோதினை நிலையத்துக்கு நேரடியாப் போகோணும். எங்களுக்குச் சரிவராது.

பெரியம்மா, 9.10
சரி பிள்ளை இவ்வளவும் படிச்சு எங்க வேலைக்குப் போகப்போறாய்

தர்சி, 9.26
எங்கயும் இல்லை பெரியம்மா. எம்ஐடிக்காரர் ஒரு துண்டுக் கடுதாசியும் தரமாட்டினம். பதிவும் இல்லை, சேட்டிபிக்கட்டும் இல்லை, வாத்தியாரும் இல்லை. எனக்கு அது பரவாயில்லை. காசு குடுக்காம வந்தது கைவிட்டும் லேசாப் போகும், அதுதான் சிக்கல். சோறு அடுப்பில கிடக்கேக்க பக்கத்தில வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு தலையாட்டினா எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும். போனை மூடிப்போட்டுக் கொப்பியைத் திறந்தா முதல் கணக்கே வராது. இப்ப ஒரு விரிவுரை பாத்தா அதின்ர கேள்வித்தாள் முடியாம அடுத்ததுக்குப் போறேல்ல. 500 கோர்ஸ் லிஸ்ட் ஒண்டும் எனக்கு வேண்டாம், ஒண்டு காணும்.

மதி, 9.30
இப்ப எது படிக்கிறீர்?

தர்சி, 9.33
நேரியல் இயற்கணிதம், லீனியர் அல்ஜிப்ரா. எம்ஐடியில பாட இலக்கம் 18.06. படிப்பிச்சது கில்பர்ட் ஸ்ட்ராங். 2023இலதான் ஓய்வு பெற்றவர், அப்ப 88 வயசு. வீடியோ பழசு. கரும்பலகை, சோக்கட்டி, ஒரு மனிசன். வேற ஒண்டும் இல்லை.

மதி, 9.34
தாயமெல்லோ (மெற்றிக்ஸ்). 11ஆம் வகுப்பிலயே படிப்பிக்கிறம்

தர்சி, 9.46
அதைத்தான் மச்சாள் சொல்ல வாறன். முதல் விரிவுரையே ஒருங்கமை சமன்பாடு. எக்ஸை இரட்டிச்சு வையைக் கழிச்சா 0. வையை இரட்டிச்சு எக்ஸைக் கழிச்சா 3. நாங்கள் என்ன செய்வம்?

மதி, 9.47
ரெண்டு நேர்கோடு கீறுவம். வெட்டுற புள்ளி 1, 2. முடிஞ்சுது

தர்சி, 9.55
அவரும் முதல் அதைத்தான் கீறுறார். பிறகு கிடையா வாசிக்கிறதை விட்டுப்போட்டு நிலைக்குத்தா வாசிக்கிறார். எக்ஸின்ர நிரல் 2, சய 1. வையின்ர நிரல் சய 1, 2. இந்த ரெண்டு நிரலையும் எத்தினை எத்தினை எடுத்துக் கூட்டினா 0, 3 வரும் எண்டு கேக்கிறார். வரைபுத்தாளில வைச்சுப் பாருங்கோ. மூலையிலயிருந்து வலப்பக்கம் 2, கீழ 1. அங்கயிருந்து இடப்பக்கம் 1, மேல 2. திரும்ப ஒருக்கா இடப்பக்கம் 1, மேல 2. எங்க நிக்கிறீங்கள்?

மதி, 10.08
0, 3

மதி, 10.09
முதலாவது நிரல் ஒண்டு, ரெண்டாவது ரெண்டு. விடை அதேதான்

மதி, 10.11
இது 3 தெரியாக்கணியத்துக்கும் போகுமெல்லோ. தளங்கள் வெட்டுறதைப் பலகையில கீறிக் காட்டேலாம நான் படுற பாடு

தர்சி, 10.12
போகும். அவரும் அதுக்குத்தான் போறார்

கண்ணன், 10.15
எனக்கு வாத்து மட்டும்தான் விளங்கினது

மதி, 10.21
சரி ஒரு கேள்வி. சீஎஸ்50 தானே திருத்தும் எண்டீர். எம்ஐடி ஆர் திருத்துறது? விடைத்தாளைப் பாத்துப் பிள்ளையள் எல்லாம் தங்களுக்குச் சரி போடுறதை நான் ஒவ்வொரு தவணையும் பாக்கிறன்

தர்சி, 10.30
அதுதான் ஓட்டை. விடையோட கேள்வித்தாளும் இருக்கு, பழைய சோதினையும் விடையோட இருக்கு. எண் வாற கணக்கெண்டா நானே பாத்துத் திருத்தலாம். ஏன் எண்டு நிறுவச் சொல்லுற கேள்வியில நான் எழுதினது சரியோ சளாப்பலோ எண்டு எனக்கே தெரியாது. அதுக்குத்தான் உங்களைப் பிடிக்கலாமெண்டு இவ்வளவு நேரமும் கதைக்கிறன்.

மதி, 10.31
ஓ. அப்ப இது தூண்டில்

பெரியம்மா, 10.33
மதி ஞாயிறு பின்னேரம் சும்மாதான் இருக்கிறவள்

மதி, 10.34
மாமி!! எனக்கு 42 பிள்ளையளின்ர கொப்பி கிடக்கு

பெரியம்மா, 10.35
43ஆக்கு பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை

தர்சி, பிற்பகல் 3.05
மச்சாள், கொப்பியைக் கண்ணனிட்டக் குடுத்து விட்டிருக்கிறன். கேள்வித்தாளின்ர பிரதி நடுவில மடிச்சு வச்சிருக்கு.

கண்ணன், 3.20
காலி ரோட்டில பொட்டோ கொப்பிக் கடை ரெண்டு பூட்டு. மூண்டாவதிலதான் அடிச்சது. அக்கா ஏன் இதெல்லாம் பேப்பரில? டப்லட் இருக்குத்தானே

தர்சி, 3.24
2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்ததை மறந்திட்டியோ. அண்டையிலயிருந்து முக்கியமானதைத் தாளில எடுத்து வைக்கிறது பழக்கமாப் போச்சு. இவனுக்கும் அப்பிடித்தான், திரையில இருந்தா பக்கத்தில விளையாட்டு ஓடும்.

சின்ன மாமா, 3.30
பெடியன் என்ன செய்யிறான்

தர்சி, 3.33
பக்கத்தில இருந்து தன்ர பின்னம் செய்யிறான். நான் செய்யிறனெண்டா அவனும் செய்யிறான், நான் போனை எடுத்தா அவனும் எடுக்கிறான். மத்தியானத்துக்குப் பிறகு சில நாள் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போறனான். அங்க ரெண்டு பேரும் வாய் திறக்கேலாது, நல்ல வசதி.

பெரியம்மா, 3.40
வரேக்க வீட்டுக்கும் வாங்கோ. இடியப்பம் அவிக்கிறன். பெடியன் மெலிஞ்சு போனான்

பெரியம்மா, 3.41
படிக்கிறது சரி. சாப்பிடவும் வேணும்

மதி, மாலை 6.50
தர்சி. பாத்திட்டன். முதல் ரெண்டும் சரி. எழுத்து வடிவாயிருக்கு. 4ஆவதில ஒரு உதாரணத்தைச் செய்து காட்டிப்போட்டு ‘ஆகவே எப்பவும் சரி’ எண்டு எழுதியிருக்கிறீர். அது நிறுவலில்லை. ஏஎல் பிள்ளையளும் இதைத்தான் செய்யிறவை. உதாரணத்தை வெட்டிப்போட்டு எழுத்துகளை வச்சுச் செய்யும்

தர்சி, 6.52
சரி மச்சாள். 3?

மதி, 6.53
3 பிழை

தர்சி, 6.53
எந்த வரியில?

மதி, 6.55
சொல்லமாட்டன். தேடிப் பிடியும். அடுத்த ஞாயிறு 5 மணிக்கு முதல் கொப்பி இஞ்ச வரோணும், பிந்தினா திருத்தமாட்டன்