எஸ்ஏடி தேர்வில் மேற்கோள் வினா: இது இலக்கிய வாசிப்பைச் சோதிக்கிறதா?

கரிசல்வாசகி:
அமெரிக்காவில் 2024 மார்ச் முதல், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு கணினிவழியே நடைபெறுகிறது. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளோடு அமர்ந்து பயிற்சி வினாக்களைப் பார்த்தபோது ஒரு வகை வினா என்னை வருத்தியது. ஒரு கவிதையைப் பற்றி ஒரு கூற்றைச் சொல்லிவிட்டு, அதற்குச் சிறந்த சான்று நான்கு மேற்கோள்களில் எது என்று கேட்கிறார்கள். கவிதை முழுமையாகத் தரப்படுவதில்லை. 2016-இல் வந்த முந்தைய வடிவத்தில், 500 முதல் 750 சொற்கள் கொண்ட பகுதியைப் படித்து, முந்தைய வினாவுக்குத் தாம் தந்த விடைக்கு எந்த வரிகள் ஆதாரம் என்று மாணவர்கள் காட்டினார்கள். இன்று எந்தப் பகுதியும் 150 சொற்களைத் தாண்டுவதில்லை.

பயிற்றுநர்:
அம்மா, முந்தைய வடிவத்தில் முதல் விடை தவறினால் பெரும்பாலும் இரண்டாவதும் தவறியது. இப்போதைய வினா ஒரே திறனைத் தனித்துப் பார்க்கிறது. நானே எழுதிய ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். கூற்று: ‘மழையை வரவேற்கும்போதே பேசுபவர் அதற்கு அஞ்சவும் செய்கிறார்.’

அ) ‘வா மழையே, வறண்ட என் வயல் காத்திருக்கிறது.’
ஆ) ‘இரவெல்லாம் கூரை நடுங்கியது; நான் உறங்கவில்லை.’
இ) ‘உனக்காகக் கதவைத் திறந்தேன், என் கை இன்னும் தாழ்ப்பாளை விடவில்லை.’

பல மாணவர்கள் மழை என்ற சொல்லைக் கண்டதும் முதல் வரிக்குப் போய்விடுவார்கள். கூற்றின் இரு பாதிகளையும் தாங்குவது மூன்றாவது வரி மட்டுமே.

கரிசல்வாசகி:
எடுத்துக்காட்டு நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் தாழ்ப்பாளில் இருக்கும் கை அச்சத்தைத்தான் காட்டுகிறது என்பதை அடுத்த வரியைப் படிக்காமல் எப்படி உறுதிசெய்வது? தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சங்கப் பாடல்களைச் சான்று காட்டியபோது, அந்தக் கடல் முழுவதும் அவர் கையில் இருந்தது. இங்கே 27 வினாக்களுக்கு 32 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ 71 நொடிதான் கிடைக்கிறது.

பயிற்றுநர்:
நேரம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிக்கு இருக்கக்கூடிய ஒரே பொருள் எது என்று வினா கேட்கவில்லை. தரப்பட்டவற்றுள் கூற்றை மிக வலுவாகத் தாங்குவது எது என்றுதான் கேட்கிறது. அதற்கு அடுத்த வரி தேவையில்லை.

கரிசல்வாசகி:
தங்கள் வினாவை மகளிடம் காட்டினேன். அவள் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தாள். காரணம் கேட்டபோது, ‘காத்திருக்கிறது என்ற சொல்லிலேயே பயம் இருக்கிறதே’ என்றாள். இந்தக் காரணத்தை எழுத அத்தேர்வில் இடமில்லை. பனுவலிலிருந்து சான்று காட்டி எழுதும் கட்டுரைப் பகுதியையும் 2021-இல் பெரும்பாலானோருக்கு நிறுத்திவிட்டார்கள். என் எதிர்ப்பு இதைப் பற்றியதே.

பயிற்றுநர்:
கட்டுரைப் பகுதி போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆயினும் மகளிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: அந்த வயலின் பயம் மழை வராமல் போய்விடுமோ என்பதா, வந்துவிடுமே என்பதா? கூற்று பேசுவது இரண்டாவதைப் பற்றி.