லாட்டிஸ்2: கம்பிகள் தனித்தனிப் பாகமாக வர வழி?

வணக்கம். ஃப்ரீகேட் (முப்பரிமாண வரைவு மென்பொருள்) உள்ளே, ஒரே பொருளை வரிசையாக அடுக்க உதவும் லாட்டிஸ்2 ஆட்-ஆன் கொண்டு பால்கனி கிராதி வரைகிறேன். தூணுக்குத் தூண் 2400 மி.மீ., 16 மி.மீ. சதுரக் கம்பி, இடைவெளி 100-ஐத் தாண்டக் கூடாது. ஸ்ப்ரெட்ஷீட்டில் நீளத்திலிருந்து 100 கழித்து, 116-ஆல் (16 + 100) வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்குகிறேன்: 20 கம்பி, இடைவெளி 99.05. நீளத்தை 1500 ஆக்கினால் தானாக 13 கம்பி, 92.29. இதுவரை அருமை. (நீளம், கம்பி, இடைவெளி மூன்றுக்கும் மி.மீ. சேர்த்தே எழுதுங்கள். ஒன்றில் விட்டாலும் அலகு பொருந்தவில்லை என்று கணக்கு நின்றுவிடும்.)

சிக்கல் அடுத்த படியில். லாட்டிஸின் லீனியர் அரே தருவது வெறும் இடக்குறிகள் (ஒவ்வொரு கம்பியும் நிற்க வேண்டிய இடமும் திசையும், பிளேஸ்மென்ட்). அவற்றில் கம்பியின் நகல்களை வைக்கும் பாப்புலேட் வித் காப்பீஸ் கொடுத்ததும் 20 கம்பியும் ஒரே காம்பவுண்டாகிவிடுகிறது (பல வடிவங்கள் சேர்ந்த ஒற்றைப் பொருள்). பாகங்களைக் காட்டும் ட்ரீ வியூவில் ஒரே வரி. வெட்டுப் பட்டியலில் எண்ணிக்கை ஒன்று என்றே விழுகிறது. காம்பவுண்டை வெடித்துப் (எக்ஸ்ப்ளோட்) பிரித்தால் 20 பாகம் கிடைக்கும், ஆனால் நீளம் மாறி 13 ஆனதும் மிச்சம் 7 பாகம் பிழையோடு தொங்கும்.

ஃப்ரீகேட்டின் டிராஃப்ட் பகுதியில் உள்ள லிங்க் அரே ஒவ்வொரு கம்பிக்கும் தனி லிங்க் (மூலப் பாகத்தைச் சுட்டும் நகல்) தரும், சரிதான். ஆனால் படிக்கட்டுச் சரிவுக்கு லாட்டிஸின் இடக்குறிகளே வசதி. அந்த இடக்குறிகளை லிங்க் அரேயோடு இணைத்தவர் உண்டா? மேக்ரோ இருந்தாலும் போதும், பதிப்பு எண்ணோடு சொல்லுங்கள்.