ஊட்டி உறைபனிக்கு வண்டியைத் தயார் செய்ய வேண்டுமா?

திருப்பூர்க்காரர்: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஊட்டி பக்கத்தில் தலைகுந்தாவில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். எட்டு வருட டீசல் கார். "ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டை மாற்று, பேட்டரியைப் பார், அப்புறம் மலையேறு" என்கிறார் ஒரு நண்பர். "ஊட்டி என்ன காஷ்மீரா?" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

மஞ்சூர் டிரைவர்: இரண்டாமவர் சொல்வதைத்தான். இருபத்திரண்டு வருடமாக மஞ்சூர் - ஊட்டி ஓட்டுகிறேன். ரேடியேட்டரில் கூலன்ட் கிடையாது, வெறும் பச்சைத் தண்ணீர்தான். ஒரு நாளும் உறைந்ததில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதே விடிகாலையில் கொஞ்ச நேரம்தான். ராத்திரி சூட்டோடு நிறுத்திய எஞ்சின் அதற்குள் கட்டியாகிவிடாது.

ஊட்டி ஒர்க்‌ஷாப்: அண்ணா, உங்கள் வண்டி தினமும் ஓடுகிறது, ராத்திரி ஷெட்டில் நிற்கிறது. இவர் வண்டி தலைகுந்தாவில் வெட்டவெளியில் இரண்டு ராத்திரி நிற்கும். மேகமில்லாத ராத்திரியில் உறைபனி முதலில் இறங்குவதே அந்த மாதிரிப் பள்ளத்துப் புல்வெளியில்தான். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும், இரும்பையே பிளக்கும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 35 வரை தாங்கும்.

உறைவதை விடுங்கள். போன வாரம் பச்சைத் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டி ஒன்றில், ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். டிகாக்‌ஷன் நிறத்தில் துருச் சேறு, விரலால் வழித்து எடுத்தேன். பர்லியாறு ஏற்றத்தில் அந்த வண்டி கொதிக்காமல் என்ன செய்யும்?

மஞ்சூர் டிரைவர்: துருவுக்காகக் கூலன்ட் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன் தம்பி. உறைபனியைச் சொல்லி வெளியூர்க்காரர்களைப் பயமுறுத்தாதீர்கள். இங்கே பயப்பட வேண்டியது முன் கண்ணாடிக்குத்தான். கண்ணாடியில் உப்பு கொட்டின மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். அவசரத்தில் கெட்டிலில் இருந்து வெந்நீரை ஊற்றுவார்கள். என் கண் முன்னால் ஒரு கண்ணாடி ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே கோடாக விரிந்தது. பின் சீட்டில் குழந்தைகள். அந்தக் கண்ணாடியோடு எப்படி மலை இறங்குவார்கள்?

கேத்தி டீச்சர்: இதில் நான் டிரைவர் அண்ணன் பக்கம். தேயிலைச் செடி கருகாமலிருக்கத் தாகைச் செடிகளை வெட்டிப் போட்டு மூடுகிறோம், கண்ணாடிக்கு ஒரு சாக்கு போட என்ன கஷ்டம்? ராத்திரி சாக்கோ பழைய போர்வையோ விரித்து, இரண்டு ஓரத்தையும் கதவிடுக்கில் செருகிவிடுங்கள். காலையில் உருவினால் போதும். உள்பக்கம் மூடுபனி போலப் படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். குளிரில் ஏசியா என்று கேட்பார்கள். ஏசிதான் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுக்கும்.

திருப்பூர்க்காரர்: டயர் காற்று? குளிரில் இறங்கும் என்று கொஞ்சம் கூடுதலாக அடிக்கச் சொல்கிறார்கள்.

ஊட்டி ஒர்க்‌ஷாப்: வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி, இங்கே விடிகாலை 2 டிகிரி என்றால் குளிரால் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ குறையும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 3 ஏறித் தெரியும். மிச்சம் 2தான். இங்கே வந்து காலையில் டயர் சூடாகும் முன் பார்த்து, கம்பெனி சொன்ன அளவுக்கு வையுங்கள்.

பேட்டரிதான் எனக்குக் கவலை. பூஜ்ஜியத்தில் அதன் பலம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டிருக்கும். சாவியைத் திருகினால் டிக், டிக் என்று மட்டும் கேட்கும். உங்கள் பேட்டரிக்கு எத்தனை வயது?

திருப்பூர்க்காரர்: ஐந்து.

மஞ்சூர் டிரைவர்: ஐந்தா! அப்படியென்றால் தம்பி சொல்வதைக் கேளுங்கள், கீழேயே பேட்டரிக்கு லோடு டெஸ்ட், அதாவது பாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனை, பண்ணிவிட்டு வாங்க. காலையில் டீசல் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், ஈரத்தோடு நின்றால் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள்.

ஊட்டி ஒர்க்‌ஷாப்: கூலன்ட்டும் மாற்றுங்கள்.

மஞ்சூர் டிரைவர்: துருவுக்காக.

கேத்தி டீச்சர்: திரும்பும்போது குன்னூர் இறக்கத்தில் 14 வளைவும் இரண்டாம் கியரில். மூடுபனி என்றால் லோ பீம் மட்டும், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். சாக்கை மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.