டெத் நோட் முடிச்சாச்சு, அடுத்து என்ன பாக்கலாம்?

மழைக்குருவி:
மக்களே, நான் இதுவரைக்கும் முழுசா பாத்த ஒரே அனிமே (ஜப்பான் அனிமேஷன் தொடர்) டெத் நோட் தான். கொலைகாரன் லைட்டும் அவன பிடிக்கப் பாக்குற டிடெக்டிவ் எல்லும் ஒருத்தர ஒருத்தர் மடக்கப் பாக்குறாங்கல்ல, அதுக்காகவே 37 எபிசோடும் விடாம பாத்தேன். அடுத்து ஒன் பீஸ் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆயிரம் எபிசோடுக்கு மேலன்னதும் மலைப்பா இருக்கு. தங்கச்சிக்கும் ஒண்ணு சொல்லுங்க, அவளுக்கு சண்டை ரத்தம் எதுவும் ஆகாது. அப்புறம் மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், படிக்கிறது பெட்டரா, அனிமேவே போதுமா?

கடைசிப்பக்கம்:
உங்களுக்கு மான்ஸ்டர் தான், யோசிக்கவே வேணாம். டென்மான்னு ஒரு ஜப்பான் டாக்டர் ஜெர்மனில வேலை பாக்குறார், மேயருக்கு ஆபரேஷன் பண்ணுன்னு மேலிடம் சொல்லியும் கேக்காம தலைல குண்டடி பட்டு முன்னாடியே வந்த சின்னப் பையன காப்பாத்துறார், அந்தப் பையன் வளந்து கொலைகாரனா வந்து நிக்கிறான், அவன தேடி இவர் கெளம்புறார். சூப்பர்பவர் எதுவும் கிடையாது, ஆனா பயம் அப்படியே உள்ள எறங்கும். 74 எபிசோடு, நிதானமா தான் போகும். ஸ்டெய்ன்ஸ் கேட்டும் புடிக்கும், 24 எபிசோடுல மொதப் பாதி ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், தயவுசெஞ்சு அங்க விட்டுராதீங்க.

நீலக்குடை:
தங்கச்சிக்கு முஷிஷி. மொத சீசன் 26 எபிசோடு, ஒவ்வொண்ணும் தனிக்கதை. கிங்கோன்னு ஒருத்தர் ஊர் ஊரா நடந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களால அவதிப்படுறவங்களுக்கு வைத்தியம் பாக்குறார். வில்லன்னு யாருமே இல்ல. சில கதை சோகமா முடியும், அத மட்டும் சொல்லி வச்சிருங்க. சிரிக்கணும்னா பராகமோன், 12 எபிசோடு தான்.

ஒரு விஷயம், ஜிப்லி ஸ்டுடியோ படம்னாலே மென்மையா இருக்கும்னு நம்பி எதையாவது போட்டுக் குடுத்துராதீங்க. 1988ல டொட்டோரோவும் கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸும் ஒரே நாள்ல தான் ரிலீஸ் ஆச்சு, மொதலாவது கொழந்தைங்க படம், ரெண்டாவது போர்ல பசியால சாகுற அண்ணன் தங்கச்சி கதை. ஸ்டுடியோ பேர வச்சு எடுக்காதீங்க, கதை என்னன்னு பாத்து எடுங்க.

பாதிராத்திரி:
மாங்காவா அனிமேவான்னு பொதுவா சொல்ல முடியாது நண்பா, தொடருக்குத் தொடர் மாறும். ஒன் பீஸ்னா நான் மாங்கா பக்கம். 1997ல இருந்து வருது, அனிமே மாங்காவ முந்திரக் கூடாதுன்னு பல எடத்துல சீன இழுத்துருப்பாங்க, படிச்சா அந்த இழுவையே இருக்காது. டீமன் ஸ்லேயர் நேர் எதிர், கதை ரொம்ப சிம்பிள், யுஃபோடேபிள் ஸ்டுடியோ அந்த சண்டைய வரைஞ்சு அசைய விட்ட விதம் தான் எல்லாமே, அத திரைல தான் பாக்கணும்.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் தேடுனா ரெண்டு வரும். 2003ல வந்தப்போ மாங்கா முடியல, அதனால அது தனி வழில போயிருச்சு. 2009ல வந்த பிரதர்ஹுட் தான் மாங்கா கதை, 64 எபிசோடு, நல்ல முடிவும் உண்டு. நீளமான தொடர் ஒண்ணு ட்ரை பண்ணணும்னா ஒன் பீஸுக்கு முன்னாடி இத பாருங்க.

மழைக்குருவி:
சூப்பர், மான்ஸ்டர் இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். முஷிஷி தனிக்கதைன்னா நடுவுல இருந்து பாக்கலாமா?

நீலக்குடை:
தாராளமா. ஆனா கிங்கோவோட சின்ன வயசு கதை ஒண்ணு நடுவுல வரும், அதுக்கு முன்னாடி நாலஞ்சு எபிசோடாவது பாத்துருக்கட்டும், அப்ப தான் அவர் ஏன் ஒரு எடத்துல தங்க மாட்டேங்குறார்னு மனசுல நிக்கும்.