கதை கேட்பாள், தானாகப் படிக்க மாட்டாள் – வயது 9

மகளுக்கு 9 வயது. நான் வாசித்துக் காட்டினால் எவ்வளவு நேரமானாலும் கேட்பாள். கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் இரண்டாவது பக்கத்திலேயே மூடிவிடுகிறாள். படம் குறைந்து எழுத்து கூடிய புத்தகங்களுக்கு மாறியதிலிருந்துதான் இப்படி. சத்தமாகப் படிக்கும்போது விரல் வைத்துக்கொண்டே போகிறாள், அப்படியும் வரி தவறுகிறது. நீளமான சொல் வந்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறாள்.

கண் பரிசோதனை செய்தாயிற்று, குறையில்லை. சித்திரக்கதை, ஆளுக்கொரு பக்கம் வாசிப்பது, புத்தகத்தை அவளே தேர்ந்தெடுப்பது எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். பரிசு காட்டிப் படிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 4 வயதுத் தம்பிக்குப் படப்புத்தகம் என்றால் மட்டும் ஆசையாக வாசித்துக் காட்டுகிறாள்.

இது இந்த வயதில் வரும் சாதாரணத் தயக்கம்தானா, இல்லை டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) பரிசோதனைக்கு இப்போதே அழைத்துப் போக வேண்டுமா?