லக்சரிலிருந்து அபிடோஸ், தெந்தெரா: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

எகிப்தின் லக்சரில் இருந்த மூன்று நாளில் ஒரு நாளை இந்த இரண்டு கோயிலுக்கும் ஒதுக்கினோம். வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பேசியது. ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் ஏழே காலுக்கு வந்தது, அது போகட்டும். அபிடோஸ் போய்ச் சேர மூன்று மணி நேரம், வழியெல்லாம் கரும்பும் வேகத்தடையும்தான்.

உள்ளே போனதும் வழிகாட்டி எங்களை நேராக ஒரு உத்தரத்துக்குக் கீழே நிறுத்தி லேசரை மேலே அடித்தார். கல்லில் செதுக்கிய ஹெலிகாப்டர்! யூடியூபில் எல்லோரும் பார்த்ததுதான், என் மச்சான் அதற்காகவே வந்தவர். அவரைக் கொஞ்ச நேரம் ஆடவிட்டு, அப்புறம் விஷயத்தை உடைத்தார். அரசர் முதலாம் சேத்தியின் பட்டப்பெயரை வெட்டியிருந்த இடத்தில் சாந்து பூசி மறைத்து, அதன் மேலேயே மகன் இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தை வெட்டியிருக்கிறார்கள். சாந்து உதிர்ந்ததும் இரண்டு எழுத்தும் கலந்து ஹெலிகாப்டர் ஆகிவிட்டது. மச்சான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு மறக்காதது அரசர் பட்டியல் சுவர். இரண்டு வரிசையில் 76 பேர், ஒவ்வொரு பெயரும் நீள்வட்டச் சட்டத்துக்குள். எதிரே சேத்தி, அவருக்கு முன்னால் சிறுவன் ராம்சேஸ், காதோரம் பின்னல் தொங்க, பாப்பிரஸ் (நாணல் காகிதம்) சுருளைப் பிரித்துப் படிக்கிறான். "இதில் யார் இல்லை, சொல்லுங்கள்" என்றார் வழிகாட்டி. அரசி ஹாட்செப்சுட் இல்லை, அரசர் அகெனாட்டன் இல்லை, சிறுவயதிலேயே அரசனான துட்டன்காமனும் இல்லை! எகிப்து என்றதும் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வரும் பையனைச் சொந்த ஊர்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

தெந்தெராவுக்கு மிஞ்சியது ஒரு மணி நேரம். திரும்பும் வழியில் பாப்பிரஸ் கடைக்கு வேறு போக வேண்டுமாம்.

*

ஒரு மணி நேரமா? அநியாயம். நான் அங்கே மட்டும் மூன்று மணி நேரம் இருந்தேன். முன் மண்டபத்தில் 24 தூண், ஒவ்வொன்றின் உச்சியிலும் நாலு பக்கமும் பசுக் காதோடு ஹாத்தோர் தேவியின் முகம், பிற்காலத்தில் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். கூரையில் படிந்திருந்த கரியை எடுத்த பிறகு வெளிவந்த நீலம் இருக்கிறதே, அப்பா! வானத்தின் தேவி நூத் உடம்பை வளைத்துக்கொண்டு சாயங்காலம் சூரியனை விழுங்கி, காலையில் பெற்றெடுக்கிறாள். கழுத்து வலித்தது, பரவாயில்லை.

காவலாளி ஒருவர் விரலசைத்துக் கூப்பிட்டார். தரையில் ஒரு பொந்து, குனிந்து இறங்கினால் நிலவறை. சுவரில் மின்சார பல்பு என்று சிலர் சொல்லும் அந்தப் பிரபலமான "பல்பு" செதுக்கல், உண்மையில் தாமரைப் பூவிலிருந்து பாம்பு கிளம்புகிறது. அவரோ "எலெக்ட்ரிசிட்டி, எலெக்ட்ரிசிட்டி" என்று டார்ச் அடித்தார். 50 எகிப்திய பவுண்டு பக்‌ஷீஷ் (டிப்ஸ்) கொடுத்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு இன்னொரு 50 கேட்டார். இருட்டில் என்னத்தைப் பேரம் பேசுவது, கொடுத்துவிட்டேன்.

மேல்தளத்துக்கும் ஏறுங்கள், படிகள் மெழுகு உருகின மாதிரி வழுவழுவென்று இருக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் ராசிச் சக்கரம் நகல்தான். அசலை 1821இல் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள், இப்போது பாரிஸில் லூவரில் இருக்கிறது.

*

பல்பு விஷயத்தை மச்சானிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் மறுபடி டிக்கெட் போடச் சொல்வார்.