க்ளோன், இமேஜ், மைக்ரேஷன்: எல்லாவற்றுக்கும் ‘நகல்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வட்டுகளை நகலெடுக்கும் மென்பொருளுக்கான தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பில் காப்பி, க்ளோன், இமேஜ் மூன்றுக்கும் ‘நகலெடு’ என்றே இட்டிருக்கிறோம். நம்பிச் சொடுக்குபவர் ஏமாந்துபோவார். கோப்புகளை இழுத்துப் புது வட்டில் போட்டால் படங்களும் ஆவணங்களும் வந்து சேரும். விண்டோஸில் நிறுவிய மென்பொருள்களில் பெரும்பாலானவை ஓடமாட்டா. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறை வந்தாலும், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அவை எழுதிவைத்தவை பழைய வட்டிலேயே தங்கிவிடும். புது வட்டிலிருந்து கணினி தொடங்கவும் செய்யாது. கணினியைத் தொடங்குவதற்கான ஈஎஃப்ஐ பகிர்வு (பார்ட்டிஷன், வட்டைப் பிரித்த பகுதி) கண்ணில் படாமல் தனியே கிடக்கிறது.

இமேஜ் என்பது வட்டு முழுவதையும் ஒரே கோப்பில் அடைத்தது. ‘படிமம்’ ஏற்கெனவே வழக்கில் உண்டு, விட்டுவிடலாம். க்ளோன் வட்டிலிருந்து நேராக வட்டுக்கு. அதற்கு ‘நேர்படி’ (நேர்கோடு போல, ஒற்று மிகாமல்).

எல்லாவற்றோடும் பழைய வட்டிலிருந்து புது வட்டுக்கு மாறும் மைக்ரேஷனுக்கு ‘வட்டுப்பெயர்ப்பு’ வேண்டாம். வட்டுக்கு வேறு பெயர் வைப்பதாகத் தோன்றும். ‘குடிபெயர்ப்பு’ என் தேர்வு.

———

> க்ளோன் வட்டிலிருந்து நேராக வட்டுக்கு, அதற்கு ‘நேர்படி’

‘நேர்’ என்றதும் இம்மியும் பிசகாதது என்று பொருள்படும். லினக்ஸில் வட்டை அப்படியே படியெடுக்கும் டிடி (dd) கட்டளைக்கு அது பொருந்தும். வெற்றிடத்தையும் விடாமல் எடுக்கும். 1 டெராபைட் வட்டுக்கு, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில், ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். பார்ட்க்ளோன் என்ற மென்பொருளோ, தரவு உள்ள தொகுதிகளை (பிளாக்) மட்டுமே எடுக்கிறது. அதுவும் நேர்படிதானா? ‘வட்டுப்படி’ என்றால் இரண்டுக்கும் சரிவரும்.

பிசகாமல் எடுப்பதிலும் தொல்லை உண்டு. பகிர்வுகளின் அடையாள எண்ணான யூயூஐடி இரு வட்டிலும் ஒன்றாகிவிடும். இரண்டையும் மாட்டியபடி லினக்ஸைத் தொடங்கினால் எதை ஏற்றியது என்றே தெரியாது. விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். புது வட்டு பெரிதாக இருந்தால், கடைசியில் இருக்கவேண்டிய ஜிபிடி (பகிர்வுகளின் பட்டியல்) காப்பு அட்டவணை நடுவில் நிற்கும், மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். ‘எஸ்ஜிடிஸ்க் -ஈ’ (sgdisk -e) கட்டளை கொடுத்து அட்டவணையைக் கடைசிக்குத் தள்ளிய பிறகே பகிர்வை நீட்டவேண்டும்.

———

‘வட்டுப்படி’ பொடி எழுத்தில் ‘வட்டிப்படி’ ஆகிவிடுமே! போகட்டும், ஏற்கிறேன். எஸ்எஸ்டியில் வட்டே இல்லையே என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: டிரைவுக்கு ‘இயக்கி’ என்று வைக்கலாமென்றால் அதை டிரைவர் மென்பொருளுக்குக் கொடுத்தாயிற்று, இனி வட்டுதான்.

‘மூலம்’, ‘இலக்கு’ என்று மட்டும் போட்டால் போதாது. டிடியில் மூலத்தைக் குறிக்கும் இஃப் (if), இலக்கைக் குறிக்கும் ஓஃப் (of) இரண்டும் மாறிப்போனால் வெற்று வட்டு பழைய வட்டின் மேல் எழுதப்படும். அதற்குப் பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது. பொத்தானிலேயே கொள்ளளவு தெரியட்டும்: ‘1 டிபி வட்டில் உள்ள அனைத்தையும் அழித்து வட்டுப்படி எடு’. நீளம்தான், பொத்தானை அகலமாக்கச் சொல்லலாம்.